தெரியாதுன்னு சொன்னேன்... அதான் தப்பு!

ஒரு நிமிஷம் இயர்போனைக் கழட்டுங்க பாஸ். ஒரு கச்சேரிக்குப் போயிட்டு வரலாம்.

1957 மே மாதம். லண்டன், செயின்ட் பேங்க்ராஸ் டவுன் ஹால். சுமார் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால், மேடையில் பாடகர் இல்லை! ஸ்பீக்கரில் இருந்து குரல் மட்டும் வருகிறது. கிணற்றின் அடியில் நின்று பாடினாலும் மேலே கணீரென்று கேட்கிற மாதிரி ஓர் அடிக்குரல். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. பாடுகிறவர் நியூயார்க்கில் இருக்கிறார். நடுவில் மொத்த அட்லாண்டிக் கடல்!

'இதென்ன பிரமாதம், நாங்க ஆன்லைன்ல பரீட்சையே எழுதினவங்க'ன்னு நீங்க சொல்றது கேட்குது. ஆனா, அது 1957. அட்லாண்டிக்குக்கு அடியில் முதல் டெலிபோன் கேபிள் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1956 செப்டம்பரில்தான் திறந்தார்கள். அதில் ஒரே நேரத்தில் 36 அழைப்புகள்தான் போக முடியும். வழி நெடுக, கடலின் அடியில், வேக்குவம் ட்யூப் வைத்த ஆம்ப்ளிஃபையர்கள். சிக்னல் சோர்ந்து போகும்போதெல்லாம் தட்டி எழுப்பி அனுப்ப!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் மூன்றாம் வருஷம் இ.சி.இ. பாஸ். 'கடலடி கேபிள்' என்று ஒரு செமினார் எடுக்கச் சொன்னார்கள். மதிப்பெண்ணுக்காகத் தேடப் போனவன், ஒரு வரியில் தடுக்கி விழுந்தேன். 'இந்த கேபிள் வழியாக ஒரு பாடகர் கச்சேரி செய்தார். ஏனென்றால் அவரிடம் பாஸ்போர்ட் இல்லை.'

பாஸ்போர்ட் இல்லையா? கச்சேரி பண்ற அளவுக்குப் பெரிய பாடகருக்கா?

செமினார் அன்று நான் ஆம்ப்ளிஃபையர் பற்றித்தான் பேசினேன். ஆனால் மண்டைக்குள் அந்தப் பாடகர் உட்கார்ந்துவிட்டார். அவர் என்னை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனார். கடைசியில், என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

*

அதற்கு முன்னால் என் கதை கொஞ்சம்.

எனக்கு ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்க தெரு ஊருக்குள்ளே இல்லை, கொஞ்சம் தள்ளி. புரியும்னு நினைக்கிறேன். தெருக்கோடியில் ஒரு சின்ன சர்ச். அங்கே ஒரு பழைய கீபோர்டு. அதில் இரண்டு கட்டை வேலை செய்யாது. ஆறாம் வகுப்பில் இருந்து அதில்தான் நான் விரல் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் மட்டும் சாயங்காலம் வரை அங்கேயே கிடப்பேன்.

என் அப்பா விவசாயக் கூலி. அது பாதி உண்மை. மீதி உண்மை, அவர் பறை அடிப்பார். எங்க பக்கம் அதற்கு 'தப்பு' என்று பேர். அப்பா வைக்கோலைக் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, ரெண்டு விரலால் தட்டிப் பார்த்து, 'ம்... இப்ப பேசுது' என்று சொல்கிற அழகுக்கே நீங்க டிக்கெட் வாங்கலாம். ஏழு வயசில் என் கையிலும் குச்சியைக் கொடுத்தார். எனக்கு அஞ்சாறு அடி நல்லாவே வரும்.

போன வருஷம் எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ். லைட் மியூஸிக் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். நானும் போய் கீபோர்டு வாசித்தேன். சுமாராக இல்லை, நல்லாவே வாசித்தேன். முடிந்ததும் ஒரு சீனியர் என் தோளில் கை போட்டார்.

"கீபோர்டுக்கு ஆள் இருக்குடா. உனக்குத் தப்பு அடிக்க வருமாமே? உங்க ஊர்ப் பையன் சொன்னான். ஒரு ஃபோக் ஐட்டம் பண்ணு. உனக்கு அதான் செட் ஆகும். செம மாஸா இருக்கும்!"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் சொன்ன பதில் என்ன தெரியுமா?

"எனக்குத் தப்பெல்லாம் தெரியாதுண்ணா."

பச்சைப் பொய்! அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வரவில்லை. எனக்கு எதற்குக் கோபம் வந்தது? அவர் என்னை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினதற்கா? இல்லை, அந்தப் பெட்டிக்குள் என் அப்பா இருந்ததற்கா?

இந்தக் கேள்வியோடுதான் பாஸ் நான் அந்த பாஸ்போர்ட் இல்லாத பாடகரிடம் போனேன்.

*

அவர் பேர் பால் ரோப்சன். 1898-ல் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, பிறகு பாதிரியார் ஆனவர். மகன், கல்லூரியில் கால்பந்து நட்சத்திரம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம், பிறகு நடிகர், பாடகர். லண்டன் மேடையில் ஒதெல்லோ, ஹாலிவுட் படம், உலகம் பூரா கச்சேரி. 'போதும்டா சாமி'ன்னு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். அவர் உட்காரவில்லை.

1937-ல் ஸ்பெயின் நாட்டு அகதிக் குழந்தைகளுக்காக லண்டனில் ஒரு கூட்டம். அங்கே பேசிய ரோப்சன், கலைஞன் நடுவில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது, விடுதலையா அடிமைத்தனமா என்று ஒரு பக்கம் எடுத்தே ஆகவேண்டும் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. போகிற நாட்டில் எல்லாம் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் படுகிற பாட்டைப் பேசினார். 1950-ல் அமெரிக்க அரசு, இவர் வெளிநாட்டில் பேசுவது நாட்டு நலனுக்கு ஆகாது என்று சொல்லி பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. எட்டு வருஷம்! கனடாவுக்குப் போக அப்போது பாஸ்போர்ட்டே தேவையில்லை. அங்கேகூட விடவில்லை. என்ன செய்தார் தெரியுமா? 1952-ல் எல்லைக் கோட்டின் ஓரம் ஒரு லாரியை நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்று பாடினார். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆயிரக்கணக்கில் ஜனம். ஆளைத் தடுக்கலாம், குரலைத் தடுக்க முடியுமா? அதே கணக்குதான் 1957-ல் போன் கச்சேரி. 1958-ல் உச்ச நீதிமன்றம் இதே போன்ற ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. அதே வருஷம் அவருடைய அறுபதாவது பிறந்த நாளை நேருவின் ஆதரவோடு இந்தியாவிலும் கொண்டாடியிருக்கிறார்கள்.

ரோப்சன் தப்பே செய்யாத மனிதர் இல்லை. சோவியத் யூனியனில் நடந்த கொடுமைகளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. ஆனாலும், கலைஞன்னா யார் என்று கேட்டால் கடலுக்கு அடியில் போன அந்தக் குரல்தான் எனக்கு ஞாபகம் வரும்.

இங்கேதான் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பாடகர் காதல் பாட்டு பாடிவிட்டு வீட்டுக்குப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கறுப்பினக் கலைஞர் மேடை ஏறினால் மட்டும், 'உன் மக்களுக்காக என்ன செஞ்சே?' என்ற கேள்வி கூடவே ஏறுகிறது. இது நியாயமா பாஸ்? 'உனக்கு அதான் செட் ஆகும்'னு என் சீனியர் சொன்ன மாதிரியே இல்லை?

*

இந்தச் சண்டை நூறு வருஷப் பழசு!

1926-ல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதி கவிதை, ஓவியம், ஜாஸ் என்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம், இருபதுகளில் இருந்த லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கவிஞர் 'தி நேஷன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஆரம்பமே அமர்க்களம். ஓர் இளம் கறுப்பினக் கவிஞர் அவரிடம், நான் கவிஞனாக இருந்தால் போதும், கறுப்பினக் கவிஞனாக இருக்க வேண்டாம் என்றாராம். படித்ததும் நான், 'கரெக்ட்டுப்பா! என் கட்சி!' என்று துள்ளினேன். அடுத்ததாக ஹியூஸ் போட்டார் பாருங்க ஒரு போடு... அந்தப் பையன் உள்ளுக்குள் வெள்ளையாக இருக்க ஆசைப்படுகிறான் என்றார்.

துள்ளல் நின்றுவிட்டது. 'எனக்குத் தப்பெல்லாம் தெரியாதுண்ணா' என்ற என் குரல் எனக்கே கேட்டது.

அதே வருஷம் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ், தான் ஆசிரியராக இருந்த 'தி க்ரைஸிஸ்' பத்திரிகையில் இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லாக் கலையும் பிரசாரம்தான், என் மக்களுக்கு வாழ்கிற உரிமையைத் தேடித் தராத கலை எனக்கு எதற்கு என்கிற மாதிரி அடித்துப் பேசினார். 'என்ன இவர், இவ்வளவு கறாரா இருக்காரே'ன்னு தோணும். காரணம் இருக்கு. அதற்கு முந்தின நூற்றாண்டு முழுக்க வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களை முட்டாள்களாகவும் சோம்பேறிகளாகவும் காட்டிக் காசு பார்த்தார்கள். 1915-ல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படம் ஒரு வெறிக் கும்பலையே ஹீரோவாகக் காட்டியது. அதாவது, எதிர்ப் பக்கம் ஏற்கெனவே கலையை ஆயுதமாக எடுத்துவிட்டது. அப்புறம் இவர் மட்டும் 'கலை கலைக்காகவே'ன்னு பூப்பறித்துக்கொண்டிருக்க முடியுமா?

ஆனா இதுக்கும் எதிர்க் கட்சி உண்டு. 1949-ல் ஜேம்ஸ் பால்ட்வின், அப்போது அவருக்கு வயசு 24, பாரிஸில் கையில் காசில்லாமல் திரிந்த காலம். போராட்ட நாவல்களைப் போட்டுத் தாளித்து ஒரு கட்டுரை எழுதினார். கதையில் வருகிறவன் வெறும் கொடுமைக்கு உதாரணமாக மட்டும் இருந்தால், அவனுடைய சிரிப்பு, குழப்பம், ஆசை எல்லாம் எங்கே போச்சு என்பது அவர் கேள்வி. அவனை மனுஷனே இல்லை என்றவர்களின் வேலையை, அவனுக்காகப் பேசுகிறவர்களும் செய்துவிடக் கூடாதே என்ற கவலை. அதற்காக அவர் ஒதுங்கிப் போகவில்லை. பிற்பாடு கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் அவர் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

இப்ப சொல்லுங்க, யார் சொல்றது சரி? நான் ரொம்ப நாள் குழம்பினேன். ஒருத்தர் கதை என் குழப்பத்தைத் தீர்த்தது. தீர்த்தது என்பதைவிட, என்னை அழவைத்தது.

*

யூனிஸ் வேமன். 1933-ல் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ட்ரையன் என்ற சின்ன ஊரில் பிறந்த பெண். அம்மா சர்ச்சில் பிரசங்கம் செய்கிறவர். குழந்தை கால் எட்டாத வயசிலேயே சர்ச்சில் பியானோ வாசித்தது. (நம்ம கதை மாதிரியே இருக்குல்ல? அதான் எனக்கும் ஆர்வம்!) ஊரே சேர்ந்து நிதி திரட்டி அந்தப் பொண்ணைப் படிக்கவைத்தது. ஆசை ஒண்ணே ஒண்ணுதான். அமெரிக்காவின் முதல் கறுப்பின கிளாசிக்கல் பெண் பியானோ கலைஞர் ஆகவேண்டும். பாக், பீத்தோவன்... அவ்வளவுதான் உலகம்.

பதினோரு, பன்னிரண்டு வயசு இருக்கும்போது சொந்த ஊரில் ஒரு கச்சேரி. மகள் வாசிப்பதைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களுக்காக அவர்களை எழுப்பிப் பின்னால் போகச் சொன்னார்கள். மேடையில் இருந்த பொண்ணு பார்த்தாள். 'எங்க அப்பா அம்மாவை முன்னாடி உட்காரவைங்க. இல்லேன்னா நான் வாசிக்க மாட்டேன்' என்று அடம்பிடித்தாள். உட்காரவைத்தார்கள். வாசித்தாள்.

இந்த இடத்தைப் படிச்சுட்டு நான் போனைக் கவிழ்த்து வெச்சுட்டேன் பாஸ். பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஆயிரம் கண்ணுக்கு முன்னால், 'இவங்க என் அப்பா அம்மா'ன்னு சொன்னாள். நான் இருபது வயசில், ஒரே ஒரு சீனியருக்கு முன்னால், என் அப்பாவைப் பின்வரிசைக்கு அனுப்பிட்டேன்.

1951-ல் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள புகழ்பெற்ற கர்ட்டிஸ் இசைக் கல்லூரி யூனிஸுக்கு இடம் தரவில்லை. தான் கறுப்பினப் பெண் என்பதால்தான் என்று அவர் கடைசி வரை நம்பினார். பிழைப்புக்காக 1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கடையில் பியானோ வாசிக்கப் போனார். முதலாளி, 'பாடவும் செய்யணும், இல்லேன்னா வேலை இல்லை' என்றார். அதுவரை அவர் பாடகியே இல்லை! மதுக்கடையில் வாசிப்பது அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று பேரை மாற்றிக்கொண்டார். அந்தப் பேர்தான் உலகத்துக்குத் தெரியும்... நீனா சிமோன்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவின் பர்மிங்காம் நகரில் ஒரு கறுப்பின சர்ச்சில் வெடிகுண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்துபோனார்கள். செய்தி கேட்ட நீனா, ஆத்திரத்தில் வீட்டில் இருந்த சாமான்களை வைத்துத் தானே ஒரு துப்பாக்கி செய்யப் பார்த்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். கணவர் தடுத்தார். 'உனக்குக் கொல்லத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சது இசை' என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நீனா பியானோ முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாட்டு பிறந்தது. 'மிஸ்ஸிஸிப்பி காடாம்'. 1964-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அதைப் பாடிப் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்க. மெட்டு, ஏதோ ஜாலியான நாடகப் பாட்டு மாதிரி துள்ளும். உள்ளே அவ்வளவு நெருப்பு! தென் மாநிலத்தில் ஒரு விற்பனையாளர், ரெக்கார்டுகளை இரண்டிரண்டாக உடைத்துப் பெட்டியோடு திருப்பி அனுப்பினாராம்.

கவனிங்க. 'நீ கறுப்பினப் பெண், போராட்டப் பாட்டு பாடு'ன்னு யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பாக் வாசிக்க ஆசைப்பட்டவர். கடைசி வரை அந்தப் படிப்பு அவர் விரலில் இருந்தது. ஜாஸ் பாடும்போதுகூட நடுவில் பாக் பாணியில் விரல் ஓடும். பாக்கையும் விடவில்லை, பர்மிங்காமையும் விடவில்லை. ரெண்டுமே அவர்தான். 2003-ல் அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால், இடம் தராத அதே கர்ட்டிஸ் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. ஐம்பது வருஷம் லேட்!

*

'கலைஞர்கள்னா மேடைல கத்தறவங்க மட்டும்தானா?'ன்னு கேட்காதீங்க. சத்தமே போடாத ஒருத்தர் இருக்கார். ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ்.

1915 வாக்கில் இருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தெற்கில் இருந்து வடக்குக்கும் மேற்குக்கும் இடம்பெயர்ந்தார்கள். வேலை தேடியும், கும்பல் கொலைகளுக்குத் தப்பியும். லாரன்ஸின் அப்பா அம்மாவும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பயணத்தை எந்தப் பெரிய மியூஸியமும் வரைந்து மாட்டவில்லை. 23 வயசு லாரன்ஸ், ஹார்லம் நூலகத்தில் உட்கார்ந்து மாசக்கணக்கில் படித்தார். பிறகு 1940-41-ல் 60 ஓவியங்கள் வரைந்தார்.

எப்படி வரைந்தார் என்பது நம்ம இன்ஜினீயரிங் மூளைக்குப் பிடிக்கும். ஒவ்வொரு படமாக முடிக்கவில்லை. 60 பலகையையும் பரப்பி வைத்துவிட்டு, ஒரு நிறத்தை எடுத்தால் 60 படத்திலும் அந்த நிறம் வரவேண்டிய இடத்தை எல்லாம் முடிப்பார். அப்புறம்தான் அடுத்த நிறம். கலவை மாறாது. 60 படமும் ஒரே படமாகப் பேசும். அசெம்பிளி லைன் மாதிரி! மனைவி க்வெண்டலின் நைட்டும் ஓவியர்தான். பலகைகளுக்கு அடிப்பூச்சு பூசியும், படங்களுக்கு அடியில் வரும் வரிகளை எழுதியும் உதவினார். 1941-ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை 26 படங்களை வெளியிட்டது. இரண்டு மியூஸியங்கள் போட்டி போட்டு ஆளுக்குப் பாதி வாங்கிக்கொண்டன. ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனில், இரட்டைப்படை எண்கள் நியூயார்க்கில்!

அந்தப் படங்களில் ஹீரோ கிடையாது. ரயில்வே ஸ்டேஷன், மூட்டை முடிச்சு, வரிசையில் நிற்கும் ஜனம், அவ்வளவுதான். சிலவற்றில் முகத்துக்குக் கண் மூக்குகூட இல்லை. 'இவங்க வந்தாங்க, நடந்தாங்க, பிழைச்சாங்க, இதுவும் சரித்திரம்தான்' என்று ஒரு 23 வயசுப் பையன் பதிவு செய்தான். நமக்கு இன்னும் மூணு வருஷம்தான் பாஸ் இருக்கு!

அந்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. 2018-ல் கென்ட்ரிக் லாமரின் 'டேம்' ஆல்பத்துக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. கிளாசிக்கல், ஜாஸ் தவிர வேறு இசைக்கு அந்தப் பரிசு போனது அதுதான் முதல் முறை. நம்மில் பாதிப் பேர் பீட்டுக்காகத் தலையாட்டுகிறோம். தப்பில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் எத்தனை குரல்கள் வரிசையில் நிற்கின்றன என்று தெரிந்தால், தலையாட்டல் கொஞ்சம் மெதுவாகும்.

*

சரி, என் கேள்விக்கு வருவோம். கறுப்பினக் கலைஞரின் வேலை என்ன?

எனக்குப் புரிந்தது இதுதான். அந்த வேலையை வெளியில் இருந்து யாரும் அவர் தலையில் கட்ட முடியாது. கட்டினால் அதற்குப் பேர் வேலை இல்லை, விலங்கு. அதே சமயம், தன் மக்களைப் பார்த்து வெட்கப்பட்டு ஓடுகிற கலைஞர் எவ்வளவு தூரம் ஓடினாலும், முதுகில் அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டுதான் ஓடவேண்டும். லாங்ஸ்டன் ஹியூஸ் அந்தக் கட்டுரையை முடிக்கிற இடமும் கிட்டத்தட்ட இதுதான். வெள்ளைக்காரர்கள் கைதட்டலுக்காகவும் வேண்டாம், சொந்தக்காரர்கள் கைதட்டலுக்காகவும் வேண்டாம். பயமும் கூச்சமும் இல்லாமல் நாம் நாமாக இருப்போம் என்கிறார். முதலில் படித்தபோது என் எதிரியாகத் தெரிந்த மனுஷன், கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

போன மாசம் ஊருக்குப் போனேன். அப்பாவிடம் கல்ச்சுரல்ஸ் கதையைச் சொன்னேன். தெரியாது என்று சொன்னதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னார்.

எங்க தாத்தா காலத்தில் ஊருக்குள் சாவு விழுந்தால் ஆள் வந்து, 'வாடா' என்பார்களாம். காய்ச்சலாக இருந்தாலும் போயாக வேண்டும். கூலி, அவர்கள் கொடுத்ததுதான். ஒரு தடவை பெரியப்பா, 'இனிமே எவன் சாவுக்கும் அடிக்க மாட்டோம்' என்று வீட்டில் இருந்த தப்பைத் தூக்கித் தீயில் போட்டுவிட்டார். அப்பா, இன்னொன்றை ஒளித்து வைத்துக்கொண்டார்.

"யாருப்பா கரெக்ட்டு? பெரியப்பாவா, நீங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கோவம்தான் தம்பி. அவரு கொளுத்தினாரு. நான் வெச்சுக்கிட்டேன். அவரு கொளுத்தலேன்னா அவனுங்க நம்மள கூப்புடுறத நிறுத்தியிருக்க மாட்டானுங்க. நான் வெச்சுக்கலேன்னா உனக்கு அடி தெரிஞ்சிருக்காது."

டு பாய்ஸும் பால்ட்வினும் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சமாதானமாகப் போன மாதிரி இருந்தது எனக்கு! இப்போது அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் போன் பண்ணி, மரியாதையாகப் பேசி, தொகை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் போகமாட்டார்.

"அப்போ நான் என்னப்பா அடிக்கட்டும்? கீபோர்டா, தப்பா?"

"மொதல்ல அந்த அரியரை அடி!"

(ஆமாம் பாஸ், ஒண்ணு இருக்கு. மேத்ஸ். யார்கிட்டயும் சொல்லாதீங்க.)

*

கடைசியா ஒரு சின்ன விஷயம். இந்தப் பத்திரிகையில் மாணவர் பயிற்சிக்குச் சேரும்போது ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிக் கொடுத்தேன். எல்.கே.ஜி.யில் இருந்து எல்லா ஃபார்மிலும் அதைத்தான் எழுதுகிறேன். பொய் இல்லை. ஆனால் பாதிதான்.

ஊரில் இருந்து கிளம்பும்போது, இந்த வருஷ ஸ்காலர்ஷிப் ஃபார்ம் பையில் இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதே கேள்விக்கு எதிரே பேனாவை வைத்தேன். 'கூலி' என்று எழுதி, கமா போட்டு, 'இசைக் கலைஞர்' என்று எழுதினேன்.

எழுத்துக்கூட்டிப் படித்த அப்பா பதறிவிட்டார்.

"டேய்... அதை அடிடா. கலைஞர்னு போட்டா பெரிய சம்பளம்னு நெனச்சு ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடப் போறான்!"

நான் அடிக்கவில்லை. அப்பாவும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஃபார்மை இன்னொரு தடவை கையில் வாங்கி, அந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தப்பைக் காய்ச்சிவிட்டு இரண்டு விரலால் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி.

இந்த வருஷ கல்ச்சுரல்ஸுக்கு இன்னும் ஆறு வாரம். கீபோர்டுக்குத்தான் பேர் கொடுக்கப் போகிறேன். நடுவில் ஒரு நிமிஷம் என் கை கீபோர்டில் இருந்து எழுந்து வேறு ஒன்றை எடுத்தாலும் எடுக்கும். யார் சொல்லியும் இல்லை, எனக்குத் தோணினால்.

அப்பாவையும் வரச் சொல்லியிருக்கேன். முன்வரிசையில் ஒரு சீட் பிடிச்சு வைக்கணும். நம்ம காலேஜா இருந்தா, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க பாஸ்!